சம்மர் பேலஸ்: எந்த வாசலில் நுழைவது என்பதுதான் முதல் கேள்வி

பெய்ஜிங்கின் வடமேற்கில் இருக்கும் சம்மர் பேலஸை, அதாவது யீஹெயுவான் என்ற பழைய அரச தோட்டத்தை, வழிகாட்டி இல்லாமல் சுற்றிப்பார்ப்பது கடினமே இல்லை. மெட்ரோ வாசல் வரை போகிறது, உள்ளே வழி தெரியாமல் போனாலும் ஏரிக்கரைக்கு வந்தால் திசை தெரிந்துவிடும். ஆனால் இடம் பெரியது. சுமார் 290 ஹெக்டேர், அதில் முக்கால் பங்கு தண்ணீர். ஒரு மலை, அதன் தெற்கே ஒரு பெரிய ஏரி, மலையின் பின்புறம் ஓர் ஒடுங்கிய கால்வாய். திட்டமில்லாமல் போகிறவர்கள் மதியத்துக்குள் கால் ஓய்ந்து, தோட்டத்தில் பாதியைப் பார்க்காமலே திரும்புகிறார்கள். அதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: நுழைந்த வாசல்.

மெட்ரோ நான்காம் தடத்தில் பெய்கோங்மென் என்ற நிலையம் இருக்கிறது. வடக்கு அரண்மனை வாசலுக்கு அங்கிருந்து சில நிமிட நடை. மெட்ரோ வரைபடத்தைப் பார்த்தவுடன் எல்லோருக்கும் தோன்றுவது இங்கே இறங்குவதுதான். இறங்கினால் என்ன ஆகும்? வாசலைக் கடந்ததும் எதிரே மலையின் பின்புறம். படியேறி, மூச்சு வாங்கி உச்சிக்குப் போய், திடீரென்று ஏரியை மேலிருந்து பார்ப்பீர்கள். காட்சி அழகுதான். ஆனால் தோட்டத்தைக் கட்டியவர்கள் கடைசிக்கென்று வைத்திருந்ததை முதலிலேயே பார்த்துவிட்டீர்கள். பிறகு கீழே இறங்கி அரசவை மண்டபத்தையும் குடியிருப்புகளையும் பார்க்கும்போது அவை வெறும் பழைய வீடுகளாகத் தெரியும்.

ஆகவே ஒரு நிலையம் தள்ளி ஷீயுவானில் இறங்குங்கள். நான்காம் தடமும் பதினாறாம் தடமும் சந்திக்கும் நிலையம் அது. கிழக்கு அரண்மனை வாசலுக்கு அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிடம் நடக்க வேண்டும். வாசலின் சீனப் பெயர் தோங்கோங்மென். பேரரசர் நகரிலிருந்து சாலை வழியாக வந்தால் நுழைந்த முகப்பு வாசல் இதுதான், தோட்டத்தின் வரிசையும் இதிலிருந்தே தொடங்குகிறது: முதலில் அரசவை, அடுத்து குடியிருப்பு, அதன் பிறகே ஏரி.

இந்த வரிசை கண்ணில் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். வாசல் கடந்தால் ரென்ஷோதியான் என்ற அரசவை மண்டபம். முற்றத்தில் பழைய மரங்கள், பாறைகள், வெண்கல விலங்குகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவரோ கட்டடமோதான், ஏரியின் சுவடே இல்லை. மண்டபத்தின் பின்னால் மண்ணும் பாறையும் கொண்டு செய்த ஒரு சிறு குன்று வழியை மறிக்கும். அதைச் சுற்றி வளைந்து போகும் பாதையில் சில அடிகள் வைத்ததும் தடுப்பு விலகி, குன்மிங் ஏரி முழுசாக முன்னால் விரியும். தூரத்தில் மேற்கு மலைகள், அதற்கு முன்னால் ஜேட் ஊற்று மலை மேல் ஒரு பகோடா. அந்த மலை இந்தத் தோட்டத்துக்குச் சொந்தமில்லை, மதிலுக்கு வெளியே இருக்கிறது, பொதுமக்கள் அங்கே போகவும் முடியாது. ஆனாலும் காட்சிக்குள் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். வெளியில் உள்ளதைக் கடன் வாங்கித் தன் தோட்டத்தைப் பெரிதாக்குவது சீனத் தோட்டக்கலையின் அடிப்படை உத்தி. அதை இவ்வளவு பெரிய அளவில் செய்த இடம் வேறு எனக்குத் தெரியாது. வடக்கு வாசலில் நுழைந்தவருக்கு இந்த ஒரு கணம் கிடைக்காது.

சீட்டும் நேரமும்

ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரை நுழைவுச்சீட்டு 30 யுவான், மற்ற மாதங்களில் 20. உள்ளே தனிச்சீட்டு கேட்கும் இடங்களும் சேர்ந்த ஒருங்கிணைந்த சீட்டு 60, குளிர்காலத்தில் 50. தனித்தனியாக வாங்கினால் ஃபோஷியாங்கே கோபுரம் 10, கால்வாயோரக் கடைத்தெருவான சூசோ தெரு 10, தெஹெயுவான் நாடக அரங்கு 5, அருங்காட்சியகம் 20. கூட்டிப் பார்த்தால் கணக்கு தெளிவு: அருங்காட்சியகமும் வேண்டும் என்றால் ஒருங்கிணைந்த சீட்டு லாபம், வேண்டாம் என்றால் தனித்தனியாக வாங்குவதே மலிவு. முதல் முறை போகிறவருக்கு என் யோசனை, நுழைவுச்சீட்டோடு கோபுரமும் நாடக அரங்கும். விலைகள் மாறக்கூடியவை, கிளம்பும் முன் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமையைத் தவிருங்கள். அரசு விடுமுறை நாளாக இல்லாவிட்டால் அன்று இந்தத் தனிச்சீட்டு இடங்கள் பூட்டியிருக்கும். தோட்டம் திறந்திருப்பதால் நுழைவுச்சீட்டு கிடைக்கும், உள்ளே போன பிறகுதான் கோபுரத்துக்கு ஏற முடியாது என்று தெரியும். பலருக்கு நேர்வது இது.

கோடைப் பருவத்தில் வெளி வாசல்கள் காலை ஆறு மணி வாக்கிலேயே திறந்துவிடும். உள்ளூர்ப் பெரியவர்கள் நடைப்பயிற்சிக்கு வரும் நேரம் அது. தனிச்சீட்டு இடங்கள் அதற்கு வெகுநேரம் கழித்துத்தான் திறக்கும். சுற்றுலாப் பேருந்துகள் ஒன்பதரை மணியிலிருந்து வரத் தொடங்கும், பத்தரைக்கு ஏரிக்கரையின் நீண்ட தாழ்வாரத்தில் தோளோடு தோள் இடிபடும். எனவே ஏழரைக்கும் எட்டுக்கும் இடையில் கிழக்கு வாசலில் நிற்பதுபோல் பார்த்துக்கொண்டால் அரசவை முற்றமும் குடியிருப்புகளும் அமைதியாகக் கிடைக்கும்.

சீட்டு, பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் பதிந்து தரப்படுவது. வீசாட் என்ற சீனச் செயலி வழியாக முன்பதிவு செய்யலாம். அது முடியாதவர்கள் வாசலில் உள்ள சாளரத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கலாம். அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள், கைப்பேசியில் உள்ள படத்தை நம்பிப் போகாதீர்கள். வார நாட்களில் சாளரத்தில் சிக்கல் குறைவு. மே முதல் வாரமும் அக்டோபர் முதல் வாரமும் வேறு கதை: சீனாவே விடுமுறையில் இருக்கும், சீட்டு தீர்ந்துவிடும். அந்த வாரங்களில் பெய்ஜிங் போவதையே தள்ளிப்போடுவது நல்லது.

வாசலுக்கு வெளியே சிலர் வந்து சீட்டு வாங்கித் தருகிறேன், குறுக்கு வழியில் அழைத்துப் போகிறேன் என்பார்கள். பதில் சொல்லாமல் நடந்துவிடுங்கள்.

ஊரிலிருந்து கிளம்பும் முன் இரண்டு வேலைகளை முடித்துவிட வேண்டும். ஒன்று, அலிபே செயலியில் உங்கள் கார்டை இணைத்து, சரிபார்ப்புக் குறுஞ்செய்தி வரும் எண் கையில் இருக்கும்போதே அதைச் செய்து முடிப்பது. சீனாவில் தண்ணீர் பாட்டில் வாங்குவதற்கும் இதுதான் வழி. ரொக்கம் செல்லும், ஆனால் சில்லறை கொடுக்கத் திணறுவார்கள். இரண்டாவது, கூகுள் மேப்ஸை மறப்பது. அங்கே கூகுள் சேவைகள் திறக்காது, திறந்தாலும் கூகுளின் சீன வரைபடம் இடம் தள்ளிக் காட்டும். அமேப் போன்ற உள்ளூர் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் போகும் வாசலின் பெயரைச் சீன எழுத்தில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் டாக்சிக்காரரிடம் காட்டலாம். இதில் ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது: பக்கத்திலேயே யுவான்மிங்யுவான் என்ற இன்னொரு அரச தோட்டத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் அதைப் பழைய சம்மர் பேலஸ் என்பார்கள். வெறுமனே சம்மர் பேலஸ் என்று சொன்னால் அங்கே கொண்டுபோய் இறக்கிவிடும் வாய்ப்பு உண்டு. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கத் திட்டமிடாதீர்கள், அதுவும் இதே அளவு பரந்த இடம்.

சிங்கப்பூர், மலேசியக் குடிமக்கள் முப்பது நாள் வரை விசா இல்லாமல் போகலாம். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் முன்கூட்டியே விசா எடுத்தாக வேண்டும்.

மரமா, கல்லா என்று பாருங்கள்

கட்டடங்களுக்குள் நுழையும் முன் ஒரே ஒரு வரலாற்றுச் செய்தியை மனதில் வைத்துக்கொண்டால், விளக்கப் பலகையே தேவையில்லாமல் பலவற்றை நீங்களே படித்துக்கொள்ளலாம்.

சிங் வம்சத்துப் பேரரசர் சியென்லோங் தன் தாயின் அறுபதாம் பிறந்தநாளை முன்னிட்டு 1750ல் இந்தத் தோட்டத்தைக் கட்டத் தொடங்கினார். அப்போதைய பெயர் சிங்யீயுவான். ஏற்கெனவே இருந்த ஏரியை வெட்டிப் பெரிதாக்கி, அந்த மண்ணை மலை மேல் கொட்டி மலையையும் திருத்தினார்கள். ஏரி அழகுக்கு மட்டுமல்ல, அன்று நகருக்குத் தண்ணீர் தந்த நீர்த்தேக்கமும் அதுதான். 1860 அக்டோபரில், இரண்டாம் அபினிப் போரின் முடிவில், ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகள் யுவான்மிங்யுவானைக் கொளுத்தியபோது இதையும் எரித்தன. அந்தப் படையெடுப்பில் இந்தியப் படைப்பிரிவுகளும் வந்திருந்தன, மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படைப்பிரிவு உட்பட. 1886 முதல், ஆட்சியை உண்மையில் தன் கையில் வைத்திருந்த பேரரசித் தாய் ட்சூஷி இதைப் புதுப்பித்து, 1888ல் யீஹெயுவான் என்று பெயர் மாற்றினார். கடற்படைக்கு ஒதுக்கிய பணம் இதில் போனது. 1900ல் எட்டு நாட்டுப் படைகள் மீண்டும் சூறையாடின, 1902ல் மீண்டும் பழுது பார்த்தார்கள். கடைசிப் பேரரசர் பூயி நகரின் அரண்மனையிலிருந்து வெளியேற்றப்பட்ட 1924ல் இது பொதுப் பூங்கா ஆனது. 1998ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

இதிலிருந்து கிடைக்கும் சாவி இது: மரத்தால் ஆனவை பெரும்பாலும் 1860க்குப் பிந்தியவை என்று எடுத்துக்கொள்ளலாம். கல், வெண்கலம், மெருகு ஓடு ஆகியவற்றால் ஆனவற்றைத் தீயால் தின்ன முடியவில்லை, அவை பெரும்பாலும் சியென்லோங் காலத்தவை. வெண்கல எருது, பதினேழு வளைவுப் பாலம், மலையுச்சியில் மெருகு ஓடு போர்த்திய கோயில், வெண்கல மண்டபம் எல்லாம் இந்த வகை. பின்மலைச் சரிவில் உள்ள திபெத்தியப் பாணிக் கோயில்களில் பெரும்பகுதியும் கால்வாயோரத்துச் சூசோ தெருவும் ட்சூஷி காலத்தில்கூடத் திரும்பக் கட்டப்படவில்லை. அவை 1980களிலும் 1990 வாக்கிலும் எழுப்பப்பட்டவை. சூசோ தெருவுக்குத் தனியாகப் பத்து யுவான் கொடுக்கும்போது இது தெரிந்திருக்க வேண்டும்.

கிழக்கு வாசலிலிருந்து

ரென்ஷோதியான் முற்றத்தில் வெண்கல நாகங்களையும் ஃபீனிக்ஸ் பறவைகளையும் கவனியுங்கள். நாகம் பேரரசருக்கான சின்னம், ஃபீனிக்ஸ் பேரரசிக்கு. வழக்கப்படி நாகம் நடுவில் இருக்க வேண்டும். இங்கே ஃபீனிக்ஸ் உள்பக்கம், நாகம் வெளிப்பக்கம். ஆட்சி யார் கையில் இருந்தது என்பது அந்த முற்றத்திலேயே தெரிந்துவிடுகிறது. மண்டபத்துக்குள் போக விடமாட்டார்கள், கதவு வழியாக எட்டிப்பார்க்கலாம். கைப்பேசியைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துப் படமெடுத்தால் பிரதிபலிப்பு விழாது.

வடக்கே தெஹெயுவான். மூன்று மாடி, 21 மீட்டர் உயர நாடக மேடை. நடிகர்கள் மேலிருந்து இறங்கவும் கீழிருந்து எழும்பவும் தளங்களில் திறப்புகள் உண்டு. தேவர், மனிதர், பூதம் மூவரும் ஒரே காட்சியில் வரும் நாடகங்களுக்காகச் செய்த ஏற்பாடு. எதிரே உள்ள கூடத்தில் உட்கார்ந்துதான் ட்சூஷி பார்த்தார். கால் மணி நேரம் போதும்.

அடுத்த யூலான்தாங்கில் நிதானியுங்கள். ஏரிக்கரையில் இருக்கும் இந்த வளாகத்தை எல்லோரும் இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள். 1898ல் பேரரசர் குவாங்ஷூ தொடங்கிய சீர்திருத்தங்களை நூறு நாள் கழித்து ட்சூஷி நசுக்கினார். அதன் பிறகு பேரரசர் இந்தத் தோட்டத்தில் இருக்கும்போதெல்லாம் இங்கேதான் அடைத்து வைக்கப்பட்டார். முற்றத்தின் கிழக்கு, மேற்குப் பக்க அறைகள் முன்பு வழிநடைகளாகவும் இருந்தன. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறலாம். அவற்றின் வாசலில் நின்று உள்ளே பாருங்கள். அறைக்குள் குறுக்கே, சாம்பல் நிறச் செங்கல்லில் ஒரு வெறும் சுவர் நிற்கும். பூச்சு இல்லை, அலங்காரம் இல்லை. சுற்றிலும் வண்ணம் தீட்டிய உத்திரங்கள், சித்திர வேலைப்பாடுள்ள சன்னல்கள், நடுவில் அந்தச் செங்கல். வழியை அடைப்பதற்காக அன்று எழுப்பியது, இன்னும் அப்படியே இருக்கிறது. இந்தத் தோட்டத்தில் ஒரே ஒரு பொருளை மட்டும் பார்க்கச் சொன்னால் கோபுரத்தைச் சொல்லமாட்டேன், இந்தச் சுவரைத்தான் சொல்வேன்.

அடுத்து ட்சூஷி வாழ்ந்த லெஷோதாங். முற்றத்தில் எட்டு மீட்டர் நீளப் பாறை ஒன்று கிடக்கிறது. சிங் வம்சத்துக்கு முந்தைய மிங் காலத்து அதிகாரி ஒருவர் அதை மலையில் கண்டு, இழுத்து வர முயன்று சொத்தெல்லாம் கரைத்ததாகச் சொல்வார்கள். குடிகெடுத்த கல் என்றே அதற்குப் பெயர். மார்ச் கடைசியில் இருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை இங்கே மக்னோலியா மரங்கள் இலையே இல்லாமல் பூத்து நிற்கும். அந்த நாட்களில் இந்த முற்றத்துக்குத்தான் கூட்டம்.

மேற்குக் கதவைத் தாண்டினால் நீண்ட தாழ்வாரம். 728 மீட்டர், 273 அங்கணங்கள், அதாவது தூண்களுக்கு இடைப்பட்ட பகுதிகள். உத்திரங்களில் எட்டாயிரத்துக்கு மேல் ஓவியங்கள்: குரங்கு அரசன் கதை, மூன்று அரசுகள் காலத்துப் போர்கள், ஹாங்சோவின் ஏரிக் காட்சிகள், பூக்கள், பறவைகள். குறுக்கு உத்திரங்களின் இரு முகத்திலும் ஓவியம் உண்டு. மேற்கு நோக்கியே நடந்தால் பாதியைத்தான் பார்ப்பீர்கள், அவ்வப்போது நின்று திரும்பிப் பார்க்க வேண்டும். இப்போது காண்பவை இருபதாம் நூற்றாண்டில் மறுபடி தீட்டியவை. நடுவே நான்கு எண்கோண மண்டபங்கள் வரும். அவை வெறும் அலங்காரம் அல்ல. கரை நேர்க்கோட்டில் இல்லை, தரையும் ஒரே மட்டத்தில் இல்லை. தாழ்வாரம் திசையும் மட்டமும் மாறும் இடங்களில் இந்த மண்டபங்களை வைத்ததால் அந்த மாற்றம் கண்ணுக்கே தெரிவதில்லை. ஒரு மண்டபத்தின் நடுவில் நின்று வந்த வழியையும் போகும் வழியையும் மாறிமாறிப் பாருங்கள், இரண்டும் ஒரே கோட்டில் இல்லை என்பது அப்போதுதான் புரியும்.

மலையேற்றம்

தாழ்வாரத்தின் நடுப்பகுதியில் பாய்யுன்மென் வாசல். கோபுரத்துக்கான தனிச்சீட்டை இங்கே சரிபார்ப்பார்கள். உள்ளே ட்சூஷி தன் பிறந்தநாள் வாழ்த்துகளை ஏற்கக் கட்டிய மண்டபம், அதன் பின்னால் செங்குத்தான கற்படிகள். நூறுக்குச் சற்று மேல்தான் எண்ணிக்கை, ஆனால் ஒவ்வொரு படியும் உயரம், தேய்ந்து வழுவழுப்பாகியும் இருக்கும். மழை பெய்த காலையில் இறங்கும்போதுதான் வழுக்கும், ஏறும்போது அல்ல. ரப்பர் அடி உள்ள காலணி போதும். முழங்கால் வலி உள்ளவர்கள் இதைத் தயக்கமில்லாமல் விட்டுவிடலாம். ஏரியிலிருந்து பார்ப்பதற்காகக் கட்டிய கோபுரம் இது, கீழிருந்து பார்ப்பதே முழுமையாகத் தெரியும்.

ஃபோஷியாங்கே 20 மீட்டர் உயரக் கல்மேடை மேல் நிற்கும் 41 மீட்டர் எண்கோணக் கோபுரம். சியென்லோங் முதலில் இங்கே ஒன்பது அடுக்குப் பகோடாதான் கட்டச் சொன்னார். எட்டாம் அடுக்கு வரை வந்ததை இடிக்கச் சொல்லி இந்த வடிவத்துக்கு மாற்றினார். அது 1860ல் எரிந்தது. இப்போதுள்ளது 1890களில் முடிந்தது. உள்ளே இருக்கும், பௌத்தக் கருணைத் தெய்வமான ஆயிரம் கை குவான்யினின் வெண்கலச் சிலை கோபுரத்தைவிட மிகப் பழையது, மிங் காலத்தது. மேடையின் மேற்குப் பக்கம் போய்க் கீழே பாருங்கள். நீலப்பச்சை நிறத்தில் ஒரு சிறு மண்டபம் தெரியும், மரம் என்றே நினைப்பீர்கள். தூண், உத்திரம், ஓடு, சன்னல் எல்லாம் வெண்கலம். சுமார் 207 டன் எடை. அதன் சன்னல்களில் பத்து வெளிநாடு போய், பாரிசிலிருந்து வாங்கப்பட்டு 1993ல் திரும்பி வந்தவை.

மேலே, முகட்டில், உத்திரமே இல்லாமல் செங்கல் வளைவுகளால் கட்டிய ஜிஹுய்ஹாய் கோயில். வெளிச்சுவர் முழுக்கப் புத்தர் உருவம் பதித்த மெருகு ஓடுகள். கை எட்டும் உயரத்தில் உள்ள வரிசைகளில் பல உருவங்களுக்குத் தலை இல்லை, மேல் வரிசைகள் முழுமையாக இருக்கின்றன.

ஏரியைச் சுற்றுவதா, கடப்பதா

தாழ்வாரத்தின் மேற்கு முனைக்கு வந்ததும் கல் படகு. 36 மீட்டர் நீளம். அடிப்பகுதி உண்மையான கல், சியென்லோங் காலத்தது. மேலே உள்ள இரண்டு மாடி 1893ல் மரத்தில் கட்டி, பளிங்கு போலத் தோன்ற வண்ணம் பூசியது. பக்கத்தில் உள்ள துடுப்புச் சக்கரமும் அப்போது சேர்த்ததே. கூரையில் விழும் மழைநீர் நான்கு மூலைகளிலும் உள்ள உள்ளீடற்ற தூண்கள் வழியாக இறங்கி, நாகத் தலைகளின் வாயால் ஏரியில் கொட்டும். மழை நாளில் போனவர்களுக்கு இது கண்ணெதிரே நடக்கும்.

இந்த இடத்தில்தான் அந்த நாளின் இரண்டாவது முடிவு. கால் தாங்கும், மதியத்துக்குப் பிறகு மூன்று மணி நேரம் இருக்கிறது என்றால் மேற்குக் கரைப்பாதையில் இறங்கி நடங்கள். தாங்காது என்றால் பக்கத்துத் துறையில் டிராகன் படகு பிடித்துத் தெற்கு ஏரித் தீவுப் பக்கம் போய்விடலாம். படகு வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம் வரைதான், ஏரி உறைந்தால் கிடையாது. காற்று பலமாக அடித்தாலும் நிறுத்திவிடுவார்கள். ஏப்ரலில் காற்று நாட்கள் அதிகம், படகை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள்.

மேற்குக் கரைப்பாதையை நான் பரிந்துரைக்கக் காரணம், சுற்றுலாக் குழுக்கள் அங்கே வருவதில்லை. ஹாங்சோவின் மேற்கு ஏரியில் உள்ள புகழ்பெற்ற கரையைப் பார்த்துச் செய்தது இது. இரு பக்கமும் நீர், வில்லோ மரங்கள், பீச் மரங்கள், இடையிடையே ஆறு பாலங்கள். வடக்கிலிருந்து மூன்றாவதான யூதாய் பாலம் வெள்ளைப் பளிங்கில் மிக உயரமாக வளைந்தது. பேரரசரின் படகு அதன் அடியில் ஜேட் ஊற்று மலைக்குப் போகும் என்பதால் அவ்வளவு உயரம். படிகள் குறுகல், குழந்தை வண்டியைத் தூக்கித்தான் கடக்க வேண்டும். ஏப்ரல் முதல் பாதியில் பீச் பூக்கும், ஜூலை ஆகஸ்டில் மேற்கு நீரில் தாமரை. ஏப்ரல் கடைசியிலும் மேயிலும் வில்லோ, பாப்லர் மரங்களின் பஞ்சு பறக்கும், ஒவ்வாமை உள்ளவர்கள் முகக்கவசம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பாதையில் கடைகள் குறைவு. தண்ணீரைக் கல் படகுப் பக்கமே வாங்கிவிடுங்கள், கழிப்பறைக்கும் அங்கேயே போய்விடுங்கள்.

பாதை தெற்கு முனையில் ஷியூயீ பாலத்தில் முடிந்து, கிழக்குக் கரைக்குத் திரும்புகிறது. அங்கிருந்து வடக்கே வந்தால் பதினேழு வளைவுப் பாலம். 150 மீட்டர் நீளம், கைப்பிடித் தூண்களில் 544 சிங்கங்கள், ஒன்று போல ஒன்று இல்லை. பாலம் போய்ச் சேரும் தீவில் நாகராஜன் கோயில் ஒன்று ஏரியை விரிவாக்கும் முன்பே இருந்தது. அதை விட்டு வைத்துச் சுற்றிலும் தோண்டியதால்தான் தீவே உண்டானது. பாலத்துக்குச் சற்று வடக்கே கரையில் 1755ல் வார்த்த வெண்கல எருது படுத்திருக்கும். வெள்ளம் வராமல் காக்க வைத்தது. முதுகில் சியென்லோங் எழுதிய எண்பது எழுத்துப் பாடல் பொறித்திருக்கிறது. எல்லோரும் முகத்தோடு படம் எடுத்துக்கொண்டு போவதால் முதுகை யாரும் பார்ப்பதில்லை.

சுற்று இப்படிக் கிழக்குக் கரையில் முடியும்படி அமைத்ததற்குக் காரணம் வெளிச்சம். மாலையில் சூரியன் மேற்கு மலைகளுக்குப் பின்னால் இறங்கும், பகோடாவும் மலைகளும் ஏரிக்கு அக்கரையில் நிழலுருவாக நிற்கும். காலையில் இதே இடத்தில் நின்றால் தட்டையாகத் தெரியும். டிசம்பர் 21ஐ ஒட்டிய நாட்களில், வானம் தெளிவாக இருந்தால், சாயும் வெயில் பாலத்தின் பதினேழு வளைவுகளுக்குள்ளும் நுழைந்து உட்சுவர்களைப் பொன்னிறமாக்கும். மாலை நான்கு மணிக்கு முன்பே கேமரா முக்காலிகளோடு கரை நிறைந்துவிடும், மூன்றுக்கு முன்பே போனால்தான் இடம்.

முழுச் சுற்று ஆறேழு மணி நேரம் பிடிக்கும். பெரியவர்களோடு போகிறவர்களுக்கு மலையேறாத அரை நாள் வழி: கிழக்கு வாசல், யூலான்தாங், லெஷோதாங், தாழ்வாரம், கல் படகு, அங்கிருந்து படகில் தீவு, பாலம், எருது, ஷின்ஜியான் வாசல் வழியாக வெளியே. நான்கு மணி நேரம் போதும். ஷின்ஜியான் வாசலிலிருந்து ஷீயுவான் மெட்ரோவுக்கு நடந்துவிடலாம்.

சூசோ தெருவைச் சேர்க்க விரும்பினால், மலையுச்சியிலிருந்து பின்பக்கம் இறங்கிப் பார்த்துவிட்டு வடக்கு வாசலில் வெளியேறுங்கள், ஏரிச் சுற்றை விட்டுவிடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் இரண்டும் கெடும். கால்வாயோரம் நடைபாதை மிகக் குறுகல், தண்ணீர்ப் பக்கம் தடுப்பு கிடையாது. சிறு குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

சாப்பாடு விஷயத்தில் உள்ளே நம்பிக்கை வைக்காதீர்கள். நூடுல்ஸ், வேகவைத்த சோளம், பன் வகைகள் கிடைக்கும், சைவமா என்று உறுதி செய்வது கடினம். "வோ ச்சி ஸூ" என்றால் நான் சைவம் என்று பொருள், அதைச் சொன்னாலும் குழம்பின் அடியில் இறைச்சிச் சாறு இருக்கலாம். பழம், ரொட்டி, கடலை எடுத்துப் போய்த் தாழ்வாரத்தின் பக்கத் திண்டிலோ தீவின் மரநிழலிலோ சாப்பிடுவது எளிது. வாசலில் பைகளைச் சோதிப்பார்கள், உணவைத் தடுப்பதில்லை, லைட்டர் இருந்தால் வாங்கிக்கொள்வார்கள்.

மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களிடம் இருந்தால் அக்டோபர் பாதியிலிருந்து நவம்பர் முதல் வாரம் வரை போங்கள். வெயில் உறைக்காது, வானம் தெளிவு, மேற்கு மலைகள் தெளிவாகத் தெரியும். ஜூலை ஆகஸ்டில் தாமரை இருக்கும், கூடவே புழுக்கமும் மழையும் பள்ளி விடுமுறைக் கூட்டமும் இருக்கும். ஜனவரியில் ஏரி உறைந்து, பனி போதிய தடிமனுக்கு வந்தால் ஒரு பகுதியைச் சறுக்குதளமாகத் திறப்பார்கள். அந்த எல்லைக்கு வெளியே பனி மேல் கால் வைக்கக் கூடாது. அந்த மாதத்தில் கையுறை இல்லாமல் படமெடுக்க முடியாது, கைப்பேசி பேட்டரியும் குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும். சீட்டு, பணம், வரைபடம் மூன்றும் அதில்தான் இருக்கின்றன என்பதால் பவர் பேங்கைச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.